நஞ்சு என்று பெயர் வைத்தது யார்?

தமிழில் சில பெயர்களைக் கேட்டால் கோபம் வரும். ஓர் உறுப்பு. பத்து மாதம் பிள்ளைக்குச் சோறு போடுகிறது, மூச்சுக் கொடுக்கிறது, கழிவை அகற்றுகிறது. பிள்ளை வெளியே வந்து எல்லாரும் 'ஆணா, பொண்ணா?' என்று பரபரத்துக் கொண்டிருக்கும்போது, பின்னாலேயே சத்தமில்லாமல் வந்து விழுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? நஞ்சு. நஞ்சுக்கொடி.

காரணம் இல்லாமல் இல்லை. அது வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில் மருத்துவச்சிகளுக்கு இருந்த பெரிய பயம் அதுதான். 'நஞ்சு விழுந்துச்சா?' என்று கேட்டு, 'விழுந்துடுச்சு' என்று பதில் வந்த பிறகுதான் வாசலில் நிற்கிறவர்களுக்கு மூச்சே வரும். ஆகவே விஷம் என்று பெயர். அப்புறம் ஒரு பானையில் போட்டு மண்ணில் புதைத்துவிடுவார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் மஞ்சள் பையில் போடுகிறார்கள். மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பை என்றால் எரிக்க வேண்டியது, அல்லது ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியது.

உங்களுடையதும் என்னுடையதும் அப்படித்தான் போயிருக்கும். யாரும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் அந்த மஞ்சள் பைக்குள் போகிற சமாசாரத்தில் ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறது. பனிக்குடம் என்கிறோமே, குழந்தை மிதக்கிற அந்தப் பையின் உள் ஜவ்வு. வெங்காயத் தோலைவிட மெல்லியது. ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. அதை எடுத்துக் கழுவிப் பதப்படுத்தி, வெந்துபோன கண்ணின் மீது ஒட்டுகிறார்கள் டாக்டர்கள். தீக்காயத்தின் மீது, ஆறாத சர்க்கரைப் புண்ணின் மீது போடுகிறார்கள். அமெரிக்காவில் அது பல நூறு கோடி டாலர் வியாபாரம்.

நஞ்சு, சரக்காகிவிட்டது. யாருடைய சரக்கு என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

முதலில் அந்த ஜவ்வு என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் நியாய அநியாயம் பேசுவது, படம் பார்க்காமல் விமர்சனம் எழுதுவது மாதிரி.

சுண்ணாம்பையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியின் அடியில் கிளிஞ்சல் படிந்து கிடக்கும். அதைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு சுடுவது அந்தப் பக்கத்தின் பழைய தொழில். சுவருக்கும் சுண்ணாம்பு, வெற்றிலைக்கும் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு பிளாஸ்டிக் பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகு, கண் மருத்துவர்களுக்கு ஒரு புதுத் தலைவலி. வீட்டில் கிடக்கும் பாக்கெட்டைக் குழந்தை எடுத்து அமுக்கும். அது வெடிக்கும். நேராகக் கண்ணில்.

சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் கண்ணின் திசுக்களில் உள்ள கொழுப்பு சோப்பு மாதிரிக் கரைய ஆரம்பிக்கும். கரைந்த வழியாகக் காரம் இன்னும் உள்ளே போகும். (உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர். கழுவிக் கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும்.)

அதற்குப் பிறகு உடம்பு தன் வேலையை ஆரம்பிக்கிறது. முதலில் அழற்சி. சிவப்பு, வீக்கம், வலி. காயம் பட்ட இடத்துக்குப் போலீஸ் படை மாதிரி வெள்ளணுக்கள் வந்து இறங்குகின்றன. கிருமியைப் பிடிக்கின்றன, செத்த செல்களை அள்ளுகின்றன. கூடவே கொஞ்சம் லத்தி சார்ஜும் நடக்கும்; நல்ல திசுவும் அடி வாங்கும். அடுத்து மேஸ்திரிகள் வருகிறார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற நார்செல்கள். டி.ஜி.எஃப்-பீட்டா என்று ஒரு ரசாயனத் தூது இருக்கிறது. அது வந்து 'சீக்கிரம் அடைங்கப்பா' என்று உத்தரவு போட்டால், இந்த நார்செல்கள் முறுக்கேறி, இழுத்துச் சுருக்கும் சக்தியுள்ள வேறு ரகமாக மாறி, கொலாஜன் நாரைக் கட்டுக்கட்டாகக் கொட்டிப் பள்ளத்தை மூடிவிடும்.

அதுதான் தழும்பு. மழைக்கு முந்தின நாள் மாநகராட்சி போடுகிற ரோடு ஒட்டு மாதிரி. அவசரத்துக்கு நல்லது; பழைய ரோடு ஆகாது. கை, காலில் தழும்பு இருந்தால் கதை சொல்லலாம். கண்ணில் வந்தால்? இமை கண்ணோடு ஒட்டிக் கொள்ளும். கருவிழி வெள்ளையாகும். கல்லீரலில் வந்தால் சிரோசிஸ், நுரையீரலில் வந்தால் மூச்சுத் திணறல். நம்மைக் காப்பாற்ற வந்த ஒட்டுவேலையே நம்மை முடித்துவிடும்.

பனிக்குட ஜவ்வு இந்த இடத்தில்தான் நுழைகிறது. 1999-ல் வெளியான ஒரு சோதனையில், மனிதக் கண்ணிலிருந்து எடுத்த நார்செல்களைப் பிளாஸ்டிக் தட்டிலும் வளர்த்தார்கள், பனிக்குட ஜவ்வின் மீதும் வளர்த்தார்கள். தட்டில் வளர்ந்தவை முறுக்கேறிய ரகமாக மாறின. ஜவ்வின் மீது வளர்ந்தவற்றில் டி.ஜி.எஃப்-பீட்டாவின் சத்தமே அடங்கிப் போனது. உத்தரவும் குறைந்தது, உத்தரவைக் கேட்கிற காதும் குறைந்தது. பிற்பாடு அந்த ஜவ்வில் ஹயலுரோனன் என்ற சர்க்கரைச் சங்கிலியோடு சில புரதங்கள் கோத்துக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். அழற்சிச் செல்களை அமைதிப்படுத்தி, தழும்பு வேலையைத் தணிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. 'ஏன் இவ்வளவு அவசரம், மெதுவாப் பண்ணலாம்' என்று தட்டிக் கொடுக்கிற வீட்டுப் பெரியவர் மாதிரி.

கருவில் இருக்கிற சிசுவுக்கு நடு மாதங்களில் தோலில் காயம் பட்டால் தழும்பே இல்லாமல் ஆறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியானால் எல்லாம் பனிக்குட நீரின் மகிமைதானே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 1994-ல் ஓர் ஆய்வு வந்தது. வளர்ந்த ஆட்டின் தோலை, தாய் வயிற்றுக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டியின் மீது ஒட்டி, அதில் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அதே பனிக்குட நீர்தான் சுற்றிலும். ஆனாலும் தழும்பு வந்தது. ஆக, நீர் மட்டும் மந்திரம் இல்லை. குட்டியின் தோலுக்கே அந்தக் குணம் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'கருவறை அற்புதம்' என்று பாட்டிலில் அடைத்து விற்கிறவர்கள் இந்த ஆட்டைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல மாட்டார்கள். ரசாயனமும் தீயும் பட்ட 100 கண்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஜவ்வு ஒட்டிய கண்களில், மிதமான காயங்களில், மேல்தோல் சீக்கிரம் மூடியது. ஆனால் நாள் கழித்துப் பார்த்தபோது, வெறும் மருந்து போட்ட கண்களைவிட நிச்சயமான பெரிய லாபம் என்று சொல்ல முடியவில்லை. அதே எய்ம்ஸில், மருந்து ஒவ்வாமையால் உடம்பெல்லாம் தோல் உரிகிற ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்காரர்களிடம் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஜவ்வு நன்றாகவே கை கொடுத்தது. ஆக, சில இடத்தில் அருமை, சில இடத்தில் சுமார், சில இடத்தில் வெறும் விளம்பரம். எல்லா நல்ல மருந்தின் கதையும் இதுதான்.

விளம்பரத்துக்கு விலையும் உண்டு. பனிக்குட நீரிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் எடுத்த 'எக்ஸோசோம்' என்று ஊசி போட்டுக் கொண்டவர்கள் மோசமாகப் பாதிக்கப்பட்ட பிறகு, 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பகிரங்கமாக எச்சரித்தது. நம் ஊரிலும் நஞ்சுக்கொடிச் சாறு ஊசியாகவும் களிம்பாகவும் எத்தனையோ வியாதிக்கு ஓடிக் கொண்டிருந்தது. 2011-ல் மத்திய அரசு, புண் ஆற்ற மேலே பூசுவது, பெண்களின் இடுப்பறை அழற்சிக்கு ஊசி போடுவது ஆகிய இரண்டைத் தவிர மற்றதற்கெல்லாம் தடை போட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்கு அதுதானே சோறு.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடம் உண்டு. தொழிற்சாலையில் ஒரு பொருள் செய்தால் கூடவே வேறு சிலதும் வரும். விலை போகாவிட்டால் அது வேஸ்ட். விலை போனால் அது உபபொருள், பை-ப்ராடக்ட். பொருள் அதேதான். மார்க்கெட் வந்துவிட்டால் நோட்டில் பெயர் மாறிவிடும். அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதுதான் பரீட்சைக் கேள்வி. எந்த ப்ராசஸில் அது பிறந்ததோ, அந்த ப்ராசஸ் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது விடை. பத்து மார்க்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. கரும்பை எடுத்துக் கொள்ளுங்கள். மொலாசஸைக் கொட்ட இடமில்லாமல் ஆலைகள் தவித்த காலம் உண்டு. அப்புறம் அதிலிருந்து சாராயம், எத்தனால். சக்கையிலிருந்து மின்சாரம். 'அதுவும் எங்க கரும்புதானே?' என்று விவசாயி கேட்டார். 2012-ல் ரங்கராஜன் கமிட்டி, சர்க்கரை வருமானத்தோடு இந்த உபபொருட்களின் வருமானத்தையும் சேர்த்து, மொத்தத்தில் 70 சதவீதம் விவசாயிக்குப் போக வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சக்கையில்கூட விவசாயிக்குப் பங்கு உண்டு என்று ஒரு கமிட்டி ஒப்புக் கொண்டது.

இப்போது பிரசவ வார்டுக்கு வாருங்கள்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, புண்ணின் மீது போடும் தோல் மாற்றுப் பொருட்களுக்கு 2019-ல் செலவழித்தது சுமார் 25 கோடி டாலர். 2024-ல் 1,000 கோடி டாலருக்கும் மேல். ஐந்தே வருடத்தில் நாற்பது மடங்கு! இவற்றில் பெரும் பகுதி நஞ்சுக்கொடியின் ஜவ்விலிருந்து வந்தவை. சில பொருட்கள் ஒரு சதுர சென்டிமீட்டர் 2,000 டாலரைத் தாண்டின. கட்டை விரல் நகம் அளவு ஜவ்வு. புண் வைத்திருக்கும் கிழவர்கள் திடீரென்று நாற்பது மடங்கு பெருகிவிடவில்லை. கடைசியில் 2026-லிருந்து சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 127 டாலர் என்று ஒரே விலையாக வெட்டிவிட்டார்கள். இந்தத் துறையின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான மிமெடிக்ஸின் முன்னாள் தலைவர், வருமானத்தை ஊதிக் காட்டிய வழக்கில் 2020-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த வருடம் ஓராண்டு சிறைத் தண்டனையும் பெற்றார். (ஜவ்வில் குறை என்று யாரும் சொல்லவில்லை, கணக்கில்தான் குறை.)

இதில் ஜவ்வைக் கொடுத்த தாய்க்கு எவ்வளவு? பூஜ்யம். தானம்.

'அது சரிதானே சார், தூக்கிப் போடுறதுதானே? அதுக்கு எதுக்குக் காசு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பெனிக்காரர் இன்னொன்றும் சொல்வார். 'நஞ்சு சும்மா கிடைத்தது, வாஸ்தவம். ஆனால் அதைக் கொடுத்த பெண்ணுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, சிபிலிஸ் எல்லாம் சோதித்தது யார்? கிருமி இல்லாத அறையில் ஜவ்வைப் பிரித்தது, உறைய வைத்தது, கதிர்வீச்சு கொடுத்தது யார்? உழைத்தவனுக்குத்தானே கூலி?' இதுவும் நியாயம்தான். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1988-லிருந்து திசு வங்கி நடத்துகிறது. பனிக்குட ஜவ்வை உலர்த்தி, காமா கதிரில் சுத்திகரித்து, தீக்காயத்துக்கும் தொழுநோய்ப் புண்ணுக்கும் கொடுத்திருக்கிறது. அதற்கும் செலவு உண்டு. செலவை வாங்குவது பாவமில்லை.

அப்படியானால் தாய்க்கும் ஒரு விலை கொடுத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எர்ணாவூர் ஞாபகம் வருகிறவரை.

காட்டுப்பள்ளியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே வந்தால் எண்ணூர். அதையும் தாண்டினால் எர்ணாவூர். 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களை அங்கே கொண்டு வந்து குடிவைத்தார்கள். 2007 ஜனவரியில் ஒரு செய்தி வந்து ஊரையே உலுக்கியது. அந்தக் குடியிருப்பின் பெண்கள் பலர் கடனை அடைக்கக் கிட்னியை விற்றிருந்தார்கள். வயிற்றின் பக்கவாட்டில் நீளமாக ஒரு தழும்பு. பேசிய பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று புகார் வேறு. அதற்கும் முன்னால் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப் பெயர் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உடலுறுப்பை விற்கக் கூடாது என்ற சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. சட்டத்துக்குப் பிறகுதான் எர்ணாவூர்.

கிட்னி வேறு, நஞ்சு வேறு. ஒன்றைக் கொடுத்தால் உடம்பு நஷ்டப்படும். மற்றதைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. தெரியும். ஆனால் விலை என்று ஒன்று வந்துவிட்டால் தரகர் வருவார். தரகர் வந்தால் பிரசவ வார்டு வாசலில் ரேட் கார்டு வரும். ஜவ்வை எடுக்கப் பெரும்பாலும் முன்பே நாள் குறித்த சிசேரியனைத்தான் விரும்புகிறார்கள். கிருமி பயம் குறைவு. ஏற்கெனவே தேவையில்லாத சிசேரியன் அதிகம் என்று புலம்பிக் கொண்டிருக்கிறோம். இதில் காசும் சேர்ந்தால்? வேண்டாம் சாமி.

ஆகவே விலை வேண்டாம். 2011-ல் உறுப்பு மாற்றுச் சட்டத்தைத் திருத்தித் திசுக்களையும் அதற்குள் கொண்டு வந்தார்கள். விற்கக் கூடாது, எடுத்துப் பத்திரப்படுத்தும் செலவை மட்டும் வாங்கிக் கொள்ளலாம் என்பது சாரம். நல்ல சட்டம். ஆனால் 'செலவு' என்கிற வார்த்தை எவ்வளவு தூரம் நீளும் என்று எந்த ஆடிட்டரையாவது கேட்டுப் பாருங்கள். ஏ.சி. ரூம், விளம்பரம், எம்.டி.யின் கார் டிரைவர் சம்பளம்... எல்லாம் செலவுதான்.

கொடுக்கிறவருக்கு விலை கேட்கக் கூடாது, வாங்குகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு எழுதலாம் என்றால் அது தானமா, ஏமாளித்தனமா?

1990-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஜான் மூர் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ரத்தப் புற்றுநோய்க்காக அவருடைய மண்ணீரலை எடுத்தார்கள். அதிலிருந்த செல்களை வளர்த்து டாக்டர் காப்புரிமை வாங்கிவிட்டார். 'என் செல், எனக்குப் பங்கு' என்றார் மூர். வெளியே எடுத்த செல்லில் உனக்குச் சொத்துரிமை இல்லை என்றது கோர்ட். ஆனால் அதோடு நிற்கவில்லை. தனக்கு அதில் பண லாபம் இருப்பதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றது. சொத்து இல்லை, சொல்லாமல் இருந்தது தப்பு. பாதித் தீர்ப்புதான். ஆனால் அந்தப் பாதியில் ஒரு பொறி இருக்கிறது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் 'ஃபெனுவா' என்று ஒரு சொல். அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, நிலம். இன்னொன்று, நஞ்சுக்கொடி. இரண்டும் ஒரே சொல்! பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மூதாதையர் மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். உன்னை வயிற்றில் வைத்துச் சோறு போட்டது இது, இனிமேல் சோறு போடப் போவது அது என்று இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அங்கே ஆஸ்பத்திரிகளும், எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டுக் கொடுக்கின்றன.

நம்மிடமும் இரண்டுக்கும் பெயர் உண்டு. நஞ்சுக்கொடிக்கு 'நஞ்சு'. நிலத்துக்கு 'புறம்போக்கு'.

புறம்போக்கு என்றால் இன்றைக்குத் திட்டுவதற்கான வார்த்தை. உண்மையில் அது வருவாய்த் துறையின் சொல். யார் பேரிலும் பட்டா இல்லாத, வரி போடாத பொது நிலம். குளம், மேய்ச்சல், கழிமுகம், ஏரிக்கரை. 2017-ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினாரே, இந்தச் சொல்லை மீட்கத்தான். அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், மேலே பழவேற்காடு ஏரி என்று இருப்பதுதான் காட்டுப்பள்ளி. வரைபடத்தில் பார்த்தால் மணலும் சேறும் முள்ளும். கோப்பில் எழுத வசதி. ஆனால் அந்தச் சேற்றில்தான் இறால் குஞ்சு பொரித்து வளர்கிறது. கடலில் நாம் வலை போட்டுப் பிடிப்பதில் எவ்வளவோ, சிறுசாக இருக்கும்போது இந்த மாதிரி உப்பங்கழியில் வளர்ந்ததுதான். பனிக்குடம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த இடத்தில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பத்து ஜனங்கள் இடம் மாறினார்கள். 2010-ல் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. சென்னையில் நீங்களும் நானும் குடித்திருப்போம். 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஆண்டுக்கு 2.46 கோடி டன் என்கிற கொள்ளளவை 32 கோடி டன்னாக, சுமார் 6,110 ஏக்கருக்கு விரிக்க ஒரு திட்டம் வந்தது. அதற்காக 2021 ஜனவரியில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப் போனது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்ததும் நடக்கவில்லை.

துறைமுகமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கப்பல் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், ஜவ்வு ஒட்டிய கண்ணும் வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. 'வேஸ்ட்' என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. அது யாரோ ஒருவர் கொடுக்கிற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பினால் லாபம் அடையப் போகிறவரே நீதிபதியாகவும் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதலில் நஞ்சு என்று சொல்வது. அப்புறம் சும்மாதானே கிடக்கிறது என்று எடுப்பது. எடுத்த பிறகு சரக்கு என்று விற்பது. எங்கே பார்த்தாலும் வரிசை இதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அதே பழவேற்காட்டில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. பெயர், பாடு. ஏரி யாருக்கும் சொந்தமில்லை. நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அடித்துக் கொள்ளாமல் இருக்க, ஊர் கூடி, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடத்தில் நீ, நாளைக்கு நான் என்று முறை வைத்துக் கொள்கிறார்கள். யாருக்கும் பட்டா இல்லை. ஆனால் எல்லாருக்கும் முறை உண்டு. விலையும் இல்லாமல், இனாமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வழி.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். அந்தச் சீட்டில் பெயர் இருப்பது குறிப்பிட்ட சில ஊர்களின் பட்டினவருக்குத்தான். அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை. எந்த முறை வைத்தாலும், பட்டியலில் யார் பெயர் இல்லை என்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அதில் உள்ள இன்னொரு பாடம்.

ஜவ்வுக்கும் இப்படி ஒரு பாடு வைக்க முடியாதா? பணம் வேண்டாம். பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், வலி எடுத்த பிறகு இல்லை, முன்பே, செக்கப்புக்கு வரும்போதே, தமிழில் சொல்லுங்கள். 'உங்க பனிக்குட ஜவ்வை எடுத்து ஒருத்தர் கண்ணுக்கோ, தீக்காயத்துக்கோ வைக்கலாம்மா. இதை ஒரு கம்பெனி பதப்படுத்தி விக்கும், அவங்களுக்கு லாபம் உண்டு. கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்.' அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகுமா? முக்கால்வாசிப் பேர் 'எடுத்துக்கங்க, யாருக்காவது நல்லது நடந்தா சரி' என்றுதான் சொல்வார்கள் என்பது என் நம்பிக்கை. ஆனால் கேட்டுக் கொடுப்பது தானம். கேட்காமல் எடுப்பதற்கு வேறு பெயர்.

இரண்டாவது, முறை. இனாமாகக் கிடைத்த ஜவ்வில் ஒரு பங்கு, அது எந்த அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததோ அந்த வட்டாரத்து நோயாளிகளுக்கு அடக்கச் செலவில் திரும்பி வர வேண்டும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரியான ஓர் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஜவ்வு போவதாக வைத்துக் கொள்ளுங்கள். அங்கே ஒரு மீனவப் பெண் பெற்றெடுக்கிறாள். அவள் பிள்ளையின் கண்ணில் நாளைக்குச் சுண்ணாம்பு தெறித்து, 1819-லிருந்து நடக்கிற எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு அவள் ஓடி வந்தால், அதே ஜவ்வு அவளுக்கு எட்டாத விலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. மூன்றாவது, செலவு எவ்வளவு என்று நாலு பேர் பார்க்கும்படி கணக்கை வெளியே வைக்க வேண்டும். அதுவும் பி.காம். புத்திதான், மன்னிக்க.

'இதெல்லாம் நடக்கிற காரியமா? வார்டில் நிற்க இடமில்லை, நர்ஸுக்குத் தலைக்கு மேல் வேலை. எரித்துவிட்டால் சிம்பிள்' என்பீர்கள். உண்மை. எரிப்பது எப்போதுமே சிம்பிள். ஆனால் ஒரு கம்பெனி வண்டி வந்து வாசலில் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து அது சிம்பிள் இல்லை. எடுக்க ஆள் வைக்க முடிகிறவர்களால் கேட்க ஓர் ஆள் வைக்க முடியாதா?

1910-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் டேவிஸ் என்ற டாக்டர் முதன்முதலில் பனிக்குட ஜவ்வைக் காயத்தின் மீது வைத்துப் பார்த்தார். 1940-ல் கண்ணுக்கு வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் மறந்து போய், 1995 வாக்கில் மறுபடி ஞாபகம் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நூறு வருடத்தில் ஜவ்வைப் பற்றி எவ்வளவோ கேட்டாகிவிட்டது. அதில் என்ன புரதம், எத்தனை டிகிரியில் உறையும், எந்தச் செல்லை அடக்கும்... கொடுத்தவளிடம் கேட்டது என்ன என்று தேடிப் பாருங்கள், ரொம்பச் சுருக்கமாக இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது பிள்ளை பெறப் போகிறார்கள் என்றால், ஆஸ்பத்திரியில் நீட்டுகிற காகிதங்களில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'நஞ்சை என்ன பண்ணுவீங்க?' எரிப்போம் என்றால் சரி. வேறு எங்காவது போகிறது என்றால், எங்கே, எதற்கு, யாருக்கு என்று தொடர்ந்து கேளுங்கள். கொடுக்கக் கூடாது என்பதற்காக இல்லை. தெரிந்து கொடுப்பதற்காக.

அவர்கள் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பரவாயில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து நிற்கிற காட்டுப்பள்ளிக்காரரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.